எங்கள் சந்துக்கு வரவேண்டிய குழாய்

பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். இதில் வருகிற பெரிய மனிதரின் பேரன்கள் இரண்டு பேர் வக்கீல்கள். இந்த வயதில் கோர்ட்டுப் படி ஏற என் முழங்காலில் தெம்பு இல்லை. அவரை ராவ் பகதூர் என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்து மயிலாப்பூரில் தெருவுக்கு இரண்டு ராவ் பகதூர் குடியிருந்தார்கள். எந்த ராவ் பகதூர் என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று யாரும் அலைய வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் தண்ணீர்க் குழாய் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்காவது தெருக்குழாய் போடுவதென்றால், டேப்பை எடுத்துக்கொண்டு போய் இடத்தை அளந்து, இங்கே போடலாம், அங்கே கூடாது என்று எஞ்சினீயருக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. முடிவு செய்கிறவர் எஞ்சினீயர்தான். ஆனால் அவர் என் குறிப்பின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இது எனக்கும் ஆபீஸ் பியூனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

எங்கள் வீடு சாந்தோமுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. அப்பா விட்டுப்போன சின்ன வீடு. சந்தில் மொத்தம் பதின்மூன்று வீடுகள். எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் பாதி. மீதியில் தையற்காரர், கொத்தனார், மீன் விற்கிறவர்கள் என்று சகலரும் உண்டு. இல்லாதது தண்ணீர் ஒன்றுதான். சந்துக் கிணறு உப்பு. குடிக்கவும் சமைக்கவும் வேண்டுமென்றால் நாலு தெரு தாண்டிப் போய், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வருகிற குழாயில் வரிசை நிற்க வேண்டும். குழாய் ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவியும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை குடம் தூக்கவே கூடாது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நீ தூக்கக் கூடாதா என்று என்னைக் கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவன் குடம் தூக்கினால் கௌரவம் என்ன ஆவது என்று இருந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே பளாரென்று ஓர் அறை அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவளைக் காப்பாற்றியது அடுத்த வீட்டுத் தையற்காரரின் மனைவி. உருது பேசுகிற குடும்பம், எங்கள் அப்பா காலத்துக்கு முன்பே அந்தச் சந்துக்கு வந்தவர்கள். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் சந்து முழுக்கக் கேட்கும். "அல்லா! வயித்துல புள்ளைய வச்சிக்கினு கொடத்தத் தூக்கினு வரியே, உனுக்குப் புத்தி கீதா? வையி கீய!" என்று என் மனைவியின் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, தன் குடத்தை இடுப்பிலும் எங்கள் குடத்தைத் தலையிலும் வைத்து நடந்துவருவாள். வாசலில் நான் நின்றால் சும்மா விடமாட்டாள்.

"இன்னா சார், ஊருக்கெல்லாம் கொழா போடறே. நம்ம சந்துக்கு எப்போ?"

"வரும், வரும்" என்று நான் உள்ளே நழுவிவிடுவேன்.

நிஜமாகவே வந்துவிடும் போலத்தான் இருந்தது. அந்த வருஷம் எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஒரு புதுத் தெருக்குழாய் அனுமதியாயிற்று. அதைக் கேட்டு இரண்டு மனுக்கள் வந்தன. ஒன்று எங்கள் சந்து ஜனங்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்தது. இன்னொன்று ராவ் பகதூருடையது. இரண்டு தெரு தள்ளி இருந்த தம் பங்களாவின் மதிலோரம் குழாய் போட்டால் ஏழை எளியவர்களின் தாகம் தீரும் என்று உருக்கமாக எழுதியிருந்தார். அந்தத் தெருவில் ஏழை எளியவர் என்று சொல்ல அவருடைய தோட்டக்காரன் ஒருவன்தான் இருந்தான்.

ராவ் பகதூர் வீட்டுக்குள் ஏற்கெனவே இரண்டு குழாய்கள். மூன்றாவது எதற்கு? அவரிடம் கழுவ ஒரு மோட்டார் கார் இருந்தது, நூறு தொட்டி குரோட்டன்ஸ் செடி இருந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாதென்று விதி. தெருக்குழாய்க்கு அப்படி ஒரு விதி கிடையாது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து ஒருவர் குரோட்டன்ஸ் வளர்ப்பார் என்று விதி எழுதின புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

என்னைக் கேட்டால் இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. சந்துதான். குறிப்பை மனசுக்குள் முழுதாக எழுதி முடித்துவிட்டேன். தாளில் எழுதுவதுதான் பாக்கி. அதற்குள் இங்கிலீஷ் வருஷப் பிறப்பு வந்து தொலைத்தது.

அந்த நாளில் வருஷப் பிறப்பு என்றால் உத்தியோகஸ்தர்களைப் பார்க்கப் போகிற நாள். எங்கள் எஞ்சினீயர் அடையாற்றில் ஒரு பங்களாவில் இருந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான், ரொம்பக் கண்டிப்பானவர் என்று பெயர். பழமும் பூவும் தவிர வேறு எதையும் தொடமாட்டார், சர்க்கார் விதியும் அதுதான். காலையிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். கொண்டுவந்தது எல்லாம் பழமும் பூவுமே. ஆனால் பழத்தைக் கையிலா கொண்டுவருவார்கள்? தட்டில் வைத்துத்தானே தரவேண்டும்? தட்டு வெள்ளியாக இருந்தால் அது யார் குற்றம்? பழம் உள்ளே போகும். தட்டும் கூடவே போகும். வந்தவர்கள் வெறுங்கையோடு சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். இதுதான் ஏற்பாடு. காதும் காதும் வைத்த மாதிரி வருஷா வருஷம் நடந்துகொண்டிருந்தது.

இது அடியேனுக்குத் தெரியாது. அன்றைக்கு வழக்கமாகப் பழம் வாங்கி உள்ளே வைக்கிற ஹெட் கிளார்க்குக்குக் காய்ச்சல். கிறிஸ்தவன், வருஷப் பிறப்பன்று சுத்தமாக உடுத்தியிருப்பான் என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். பதினொரு மணிக்கு ராவ் பகதூர் வந்தார். அவருடைய தாம்பாளத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆரஞ்சும் திராட்சையும் ஒரு கூடைக்குள் அடங்கிவிடும். தாம்பாளமோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு. சுத்த வெள்ளி, ஓரமெல்லாம் கொடி வேலை. எஞ்சினீயர் பழத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டார். ராவ் பகதூர் பத்து நிமிஷம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

நான் உள்ளே போய்ப் பழங்களைக் கூடையில் கொட்டிவிட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தேன். பாவம், பெரிய மனுஷர், மறந்துவிட்டுப் போய்விட்டாரே என்று தோன்றியது. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் பலகாரமோ ரம்ஜான் கஞ்சியோ, யார் வீட்டுப் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்தாலும் அன்றைக்கே கழுவித் திருப்பிவிடவேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பவும் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். என் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தாம்பாளத்தைக் கழுவித் துடைத்தேன். சமையற்காரரிடம் ஒரு பிடி சர்க்கரை கேட்டு வாங்கி நடுவில் வைத்தேன். துண்டில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு, அடையாற்றுப் பாலம் தாண்டி, உச்சி வெயிலில் மயிலாப்பூருக்கு நடந்தேன். குடம் தூக்கினால் போய்விடுகிற கௌரவம் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

ராவ் பகதூரின் காரியஸ்தர் வாசலில் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். துண்டைப் பிரித்தார், சர்க்கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சர்க்கரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மறந்துட்டுப் போயிட்டாங்க" என்றேன் பெருமையாக.

அடையாறு திரும்பியதும் எஞ்சினீயரின் மனைவி என்னைக் கூப்பிட்டார். "ஏன்ப்பா, பழம் வந்ததே, அந்தத் தட்டு எங்கே?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்மா."

"எதை?"

"தாம்பாளத்தை. சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தேன்."

அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஆபீஸில் எஞ்சினீயர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் மனிதர் எதைச் சொல்லித் திட்டுவார்? பழம் தவிர எதையும் தொடாதவர் அல்லவா அவர்! கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "நீங்க செய்தது சரிதான். ரொம்பச் சரி" என்றார். பிறகு, "அடுத்த வருஷப் பிறப்புக்கு நீங்க வீட்டிலேயே இருந்து பெண்ஜாதியோட கொண்டாடுங்க" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பியூன்தான் விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தான்.

ராவ் பகதூர் வீட்டில் என்ன நடந்தது என்பது பின்னால் காரியஸ்தர் சொல்லித் தெரிந்தது. அங்கே ஒரு மகாநாடே கூடியிருக்கிறது. வேறு யாரோ இதைவிடப் பெரிய தாம்பாளம் கொடுத்துவிட்டார்கள் என்றாராம் மாப்பிள்ளை. எஞ்சினீயர் நிஜமாகவே யோக்கியராக இருக்கலாமோ என்று கேட்டாராம் ராவ் பகதூரின் மனைவி, எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். கடைசியில் காரியஸ்தர்தான் முடிச்சை அவிழ்த்தார். தாம்பாளம் எஞ்சினீயர் கண்ணில் படவே இல்லை, அதற்குள் குமாஸ்தா திருப்பிவிட்டான். ஏன் திருப்பினான்? சாவி அவனிடம் இருக்கிறது. சர்க்கரை எதற்கு? இனிப்பை என் பக்கம் காட்டு என்கிறான். பயல் படு ஆழம்! ஒரே நாளில் நான் அந்த ஆபீஸின் மகா பெரிய லஞ்சந்தின்னி ஆகிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் காரியஸ்தர் எங்கள் சந்துக்கு வந்தார். நல்ல நேரம் பார்த்து வந்தார். தையற்காரர் மனைவி தலையில் எங்கள் குடம். பின்னாலே என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வீட்டுக்குள் நுழைகிறாள்.

"அடாடா" என்றார் காரியஸ்தர். நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவாளோட பேசறதே ஒரு சந்தோஷம் சார். சர்க்கரை போட்டு அனுப்பினேளே! பெரியவர் அதையேதான் சொல்லிண்டிருக்கார்."

"ஐயோ, அது எங்க சந்து வழக்கம்."

"வழக்கம்தான் சார். யாருக்குத்தான் இல்லை அந்த வழக்கம்!" என்று கண்ணைச் சிமிட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குள்ளே குழாய் வேணும்னு நீங்ககூட எழுதிக் கொடுத்திருக்கேளாமே. அந்தப் பட்டியல் மேலே உள்ள ஒருத்தர் கையிலே இருக்கு. அவர் பெரியவரோட சிநேகிதர். பத்து நாள்ல உங்க முற்றத்துல தண்ணி கொட்டும். பாவம், உள்ளே மாசமா இருக்கா. குடம் தூக்கலாமோ?"

பதிலுக்கு அவர் கேட்டது ஒரு வரி. தெருக்குழாய்க்கு ஏற்ற இடம் ராவ் பகதூரின் மதிலோரம் என்று குறிப்பின் கடைசி வரியில் நான் எழுத வேண்டும். பியூன் அந்த ரகசியத்தையும் விற்றிருந்தான்.

நான் கோபப்பட்டு எழுந்தேன், கதவைக் காட்டினேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். யோசிக்கிறேன் என்றேன். காரியஸ்தர் போனதும் என் மனைவி படுத்திருந்த இடத்துக்குப் போனேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூன்றாவது தடவையும் போய்விட்டால் அவளை எப்படித் தேற்றுவது என்று பயமாக இருந்தது. பயம் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், முற்றத்தில் ஒரு பித்தளைக் குழாய் பளபளவென்று நிற்பதும் எனக்குத் தெரிந்தது. அதுவும் பொய்யில்லை.

மறுநாள் சந்து முனையை அளக்கப் போனேன். டேப்பைச் சற்றுத் தளர்த்திப் பிடித்தால் சந்து கொஞ்சம் அகலம், இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் குறுகல். இறுக்கித்தானே பிடிக்க வேண்டும், அதுதானே நேர்மை? பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அப்படியும் சந்து அகலமாகத்தான் இருந்தது. டேப்பின் முனையைச் சுவரிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தேன். இங்கே குழாய் மேடை கட்டினால் குப்பை வண்டி நுழைய முடியாது என்று எழுதினேன். கடைசி வரியில் ராவ் பகதூரின் மதில். எஞ்சினீயர் அந்த வரியைப் படித்துவிட்டு, வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் என்றார் காரியஸ்தர். எட்டாம் நாளே தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். "சந்துக்கு எப்போங்க?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் என்றேன். நம்பினாள். ஏப்ரலில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது, முழுசாக, கத்திக்கொண்டு. அந்தக் குழாயைத் தப்பு என்று சொல்ல இன்றைக்கும் எனக்குச் சட்டென்று வாய் வராது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கோயிலுக்குப் போனேன். பத்துக் கட்டளைகளில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. களவு செய்யவில்லை. பிறர் பொருளுக்கு ஆசைப்படவும் இல்லை, குழாய் என் வீட்டில்தான் இருந்தது. கோபப்பட்டேன், பூசைக்கு நேரம் கழித்து வந்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

என் மனைவி முதல் நாளே வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டாள். சந்தே குடத்தோடு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுவரை என்னைக் கண்டுகொள்ளாத கொத்தனார் வணக்கம் சொன்னார். மீன்காரம்மாள் நல்ல வஞ்சிரமாகப் பொறுக்கி எடுத்துவைத்தாள். தையற்காரர் குழந்தைக்குப் பட்டுச் சட்டை தைத்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் புத்தி சும்மா இருக்குமா? கூட்டம் ஒழுங்கில்லாமல் இருக்கிறதென்று ஓர் அட்டையில் அழகாக எழுதி மாட்டினேன். காலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை. வீட்டுக்கு இரண்டு குடம். பேசக் கூடாது. எந்த வீட்டுக்கு முதலில் என்றும் ஒரு வரிசை போட்டேன். மீன்காரம்மாள் முதல். வணக்கம் சொல்ல மறந்தவர்கள் கடைசி.

"இது இன்னாங்க கூத்து? கழட்டுங்க அதை" என்றாள் மனைவி.

"உனக்கு நிர்வாகம் தெரியாது" என்றேன்.

ஒரு நாள் தையற்காரர் மனைவி மூன்றாவது குடம் வைத்தாள். வீட்டில் விருந்தாளி வந்திருந்தார்கள். நான் அட்டையைக் காட்டினேன். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்தால் சந்து முழுக்கக் கேட்கிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ராவ் பகதூரின் மதிலோரக் குழாயில் எந்நேரமும் தோட்டக்காரனின் ரப்பர்க் குழாய்தான் மாட்டியிருக்கும். குடத்தை எடுத்துக்கொண்டு நாலு தெருவுக்கு அப்பால் இருக்கிற பழைய குழாய்க்கே நடந்தாள். மறுநாள் இரண்டு வீட்டார் வரவில்லை. மாதம் முடிவதற்குள் எங்கள் முற்றத்தில் நானும் குழாயும்தான் நின்றுகொண்டிருந்தோம். சனங்களுக்கு நன்றி என்பதே கிடையாது என்று ஆபீஸில் எல்லாரிடமும் புலம்பினேன்.

எங்கள் வீட்டுக்குக் குழாய் வந்து இரண்டு வருஷம் ஆன பிறகுதான் அந்த மனு வந்தது. காலைத் தபாலில் என் மேஜைமேல் கிடந்தது. எங்கள் சந்தில் குடிதண்ணீர் இல்லை, பெண்கள் நாலு தெரு போய்த் தூக்கி வருகிறார்கள், முனையில் ஒரு தெருக்குழாய் போட வேண்டும் என்று ஐந்தே வரி. அடியில் பன்னிரண்டு கைநாட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு கையெழுத்து. கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தவள், உருண்டை உருண்டையாக எழுதுவாள். மனுவை எழுதினதே என் மனைவிதான்.

அதை மேலே அனுப்ப வேண்டுமென்றால் நான் மறுபடியும் சந்தை அளக்க வேண்டும். இப்போது அகலம் போதும் என்று எழுதினால், முன்னே குப்பை வண்டி நுழையாது என்று எழுதினது யார் என்று கேட்பார்கள். சந்து இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? மேஜைக்கு அடியில் பழைய தாள்களின் கட்டு ஒன்று இருந்தது. அதன் அடியில் மனுவைச் செருகினேன். நான் வேறு வட்டாரத்துக்கு மாற்றலாகிற வரை, நாலு வருஷம், அது அங்கேயே கிடந்தது.

செருகிய அந்த வாரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நான் சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பை ஊற்றிக்கொண்டே, இலையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஆபீஸுக்கு ஒரு மனு வந்திருக்குமே. அது இன்னா ஆச்சு?"

நான் எதையாவது சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம், உண்மையைக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினைந்து வருஷம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்த வாய், என்னைக் கேட்காமல் தானாகத் திறந்துகொண்டது.

"பரிசீலனையில இருக்கு" என்றேன்.

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சரிங்க, சார்" என்றாள்.